ஆற்றோடு உள்ளே போக வேண்டிய நாடு

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், இடமில்லாமல் வாசலோரம் நிற்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் நின்றுகொண்டு வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரன் பேத்திகள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் போனது சம்பாதிக்க. சும்மா பார்த்துவிட்டு வரப் போவது வேறு சங்கதி. அதில் நாம் இன்னும் துபாய், சிங்கப்பூர், கொஞ்சம் வசதியிருந்தால் சுவிட்சர்லாந்து, அதோடு சரி.

நான் சொல்ல வந்தது காம்பியா. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் இதைவிடச் சிறிய நாடு கிடையாது. நம் சிவகங்கை மாவட்டம் போல மூன்று இருந்தால் காம்பியாவே அதற்குள் அடங்கிவிடும். மக்கள்தொகை சுமார் 25 லட்சம். மேற்கே அட்லாண்டிக் கடல், மற்ற மூன்று பக்கமும் செனகல். வரைபடத்தை விரித்தால் காம்பியா ஆறும் அதன் இரண்டு கரையும்தான் தெரியும். கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமோ 50 கிலோமீட்டருக்குள். 1889இல் பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் பாரிசில் உட்கார்ந்து பேசிப் போட்ட கோடு அது. ஆற்றில் நின்ற போர்க்கப்பலின் பீரங்கிக் குண்டு எட்டிய தூரம்தான் எல்லை என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

1965 பிப்ரவரியில் சுதந்திரம். அந்த வருஷக் கடைசியில் வந்த குளிர்காலத்திலேயே ஸ்வீடனிலிருந்து முதல் கூட்டம் வெயில் காய வந்துவிட்டது. அன்றிலிருந்து கொலோலி, கோட்டு, பக்காவ் என்று கடற்கரையை ஒட்டி ஹோட்டல்களாக எழும்பின. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த மணலை விட்டு நகர்வதில்லை. விமானம், அறை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் தங்கள் ஊரிலேயே பணம் கட்டிவிடுகிறார்கள். உள்ளூர்க் கடையில் செலவழிக்க அவர்களுக்கு வேலையே இல்லை. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் என்ற சுற்றுலாக் கம்பெனி இங்கிலாந்தில் மூழ்கியபோது, எங்கோ திவாலான ஒரு கம்பெனிக்காகக் காம்பியாவில் டாக்ஸிக்காரரும் பழம் விற்கிற அம்மாவும் தவித்தார்கள். நிமிர்வதற்குள் கொரோனா.

இது உங்களுக்குப் புரியாத விஷயமில்லை. நம் பெரிய வீடுகளைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்கு வேன் வருகிறது. முகப்பில் ஒரு போட்டோ, வளவில் ஒரு போட்டோ, இலையில் சாப்பாடு, ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்புகிறது. அவர்கள் செட்டிநாடு பார்த்தாகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். கடற்கரையில் மட்டும் இருந்துவிட்டு வருகிறவர் காம்பியா பார்த்ததும் அந்தக் கணக்குத்தான். அந்த நாடு ஆற்றில் இருக்கிறது. ஆற்றோடு உள்ளே போக வேண்டும்.

தலைநகர் பாஞ்சுல் பக்கத்திலேயே தன்பி என்று ஒரு சதுப்பு நிலம். நம் முத்துப்பேட்டை மாதிரி அலையாத்திக் காடு. நீர் வற்றுகிற நேரம் பார்த்துப் பெண்கள் மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தில் போகிறார்கள். அலையாத்தி வேரில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் ஆளிச்சிப்பியை வெட்டி எடுத்து, வேகவைத்து, சதையைச் சாலையோரம் வைத்து விற்கிறார்கள். வேரையே வெட்டினால் அடுத்த வருஷம் சிப்பி கிடையாது என்பதால், வேரைத் தொடாமல் எடுப்பது, வருஷத்தில் பல மாதம் அறுவடையே செய்யாமல் விடுவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2012இல் அந்தச் சதுப்பில் சிப்பி எடுக்கும் உரிமையை அரசாங்கம் அந்தப் பெண்களின் சங்கத்துக்கே கொடுத்தது. அதே ஆண்டு ஐ.நா. அமைப்பின் ஈக்வேட்டர் பரிசும் கிடைத்தது. சரி, சிப்பியின் ஓட்டை என்ன செய்கிறார்கள்? சுட்டுச் சுண்ணாம்பாக்குகிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுவர் பூசிய ஊரில் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கரையில் ஒரு காலைப்பொழுது, ஹோட்டல் நீச்சல் குளத்தில் ஒரு வாரத்தைவிட மேல்.

இன்னும் உள்ளே போனால் நடு ஆற்றில் குந்தா கிந்தே தீவு. ஜேம்ஸ் தீவு என்ற பழைய பெயரை 2011இல் மாற்றினார்கள். அடிமைகளாக்கப்பட்ட மனிதர்களை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய கோட்டை. 2003இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அலை அரித்து அரித்துத் தீவே சுருங்கிவருகிறது. அங்கே செல்ஃபி எடுப்பவர்களும் இருக்கிறார்கள், என்ன செய்ய.

அப்புறம் வாஸு. வடகரையில், நாட்டின் நடுப்பகுதியைத் தாண்டி. ஆளுயரக் கற்களை வட்டமாக நட்ட பழைய ஈமக்களம். கல் என்ன தெரியுமா? நம் செம்புரான் கல். வருகிறவர்கள் ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டுப் போவது வழக்கம். பக்கத்தில் குந்தாவூர் என்ற ஊரில் படகு பிடித்தால் நீர்யானை தென்படலாம், தீவுகளில் சிம்பன்சிகளும் உண்டு. தீவில் காலை வைக்க விடமாட்டார்கள், படகிலிருந்து பார்ப்பதோடு சரி. அது நல்ல ஏற்பாடு.

சாப்பாடு பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். நாடே வேர்க்கடலை விளைகிற நாடு. தொமொதா என்று கடலையை அரைத்துக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பு. சோற்றில் ஊற்றித் தருவார்கள். இறைச்சி சேர்ப்பார்கள், சைவக்காரர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு அத்தாயா. சீனப் பச்சைத் தேயிலையைக் கரி அடுப்பில் வைத்து, உயரத் தூக்கி நுரை கட்ட ஆற்றி ஆற்றி, மூன்று சுற்று கொடுப்பார்கள். முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதையில்லை. அதேபோல் யாரிடமும் விலையோ வழியோ கேட்பதற்கு முன் சலாம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரிக்க வேண்டும். நம் ஆச்சிமார் இதில் தேறிவிடுவார்கள். பிள்ளைகள் ஓடிவந்து மிட்டாய், பேனா கேட்பார்கள். கையில் கொடுத்துப் பழக்காதீர்கள். கொடுக்க மனமிருந்தால் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். இஸ்தான்புல் அல்லது காசாபிளாங்கா வழியாகப் போகலாம். கையில் அந்த நாட்டுப் பணமான தலாசி ரொக்கமாக இருக்கட்டும், உள்ளூர்களில் கார்டு செல்லாது. மிக முக்கியம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். புறப்படுவதற்கு 10 நாளாவது முன்னால் போட்டு, மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஊர் திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பின்வரிசையில் ஒருவர் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்கள் ஐயா.