இடது கையையும் ஒரே தடவையில் கட்டிவிட்டேன்!

வணக்கம் மக்களே! முதலில் குத்துச்சண்டைக்குத் துணி சுற்றிய இந்தக் கையைப் பாருங்கள். இடது கை! மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகள் மேல் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் குறுக்கே மூன்று, கடைசியில் கட்டைவிரலைச் சுற்றிப் பூட்டு. நாலரை மீட்டர் துணி, ஓர் இடத்தில்கூட மடிப்பு இல்லை. இந்த ஹேண்ட் ராப்போடு நான் பட்ட பாட்டைப் பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பாதியில் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடும். எடுத்துச் சுருட்டி மறுபடி தொடங்குவேன். வலது கை எப்போதோ பழகிவிட்டது. இடது கை நேற்று இரவுதான் வசப்பட்டது.

அதுவும் எந்த நேரத்தில் தெரியுமா? குடிக்க வேண்டும் என்ற கிரேவிங் வந்த நேரத்தில். வாய் வறண்டு, மனசு ஒரே இடத்தில் போய் நின்றுவிட்டது. இந்த உந்துதல் அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். உளவியலாளர் ஆலன் மார்லாட் இதை அலைச்சறுக்கு என்றே சொன்னார்: அலையோடு சண்டை போடாதே, அது இறங்கும்வரை அதன் மேலேயே நில். சும்மா உட்கார்ந்து நிற்க எனக்கு வராது. கைக்கு வேலை வேண்டும். ராப் கட்ட ஐந்து நிமிடம். அப்புறம் மூன்று நிமிட ரவுண்டு ஆறு, நடுவில் ஒவ்வொரு நிமிட ஓய்வு. மொத்தம் 28 நிமிடம். முன்பெல்லாம் ரவுண்டு என்ற சொல்லுக்கு என் வாழ்க்கையில் வேறு பொருள் இருந்தது. இப்போது பஞ்சிங் பேக், மணிச் சத்தம், ஜாப், கிராஸ் என்று குத்துகள். நாலாவது ரவுண்டில் மூச்சு மட்டும்தான் நினைவில் இருந்தது.

இந்த வாரம் என்னைக் கொதிக்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன். "மாத்திரையைத் தூக்கிப் போடு, பேக்கைக் குத்து, குடி தானாகப் போய்விடும்" என்று ஒருவர் பேசுகிறார். தயவுசெய்து கேட்காதீர்கள்! தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் குழப்பமும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நாட்கள் மருத்துவர் பார்வையில்தான் கழிய வேண்டும். நான் குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை சாப்பிடுகிறேன், ஆலோசகரிடமும் போகிறேன். குத்துச்சண்டை அவற்றோடு சேர்ந்த மூன்றாவது கை. மற்ற இரண்டையும் அது வெட்டிவிடக் கூடாது.

ஐயோ, ராப் பற்றி ஒன்றை விட்டுவிட்டேன்: கட்டும்போது விரல்களை நன்றாக விரித்து வையுங்கள். நுனி மரத்துப்போனால் இறுக்கம் அதிகம், அவிழ்த்துவிடுங்கள். நான் முதல் வாரம் முழுக்க மரத்த விரலோடு குத்தினேன்.

ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவது, எப்போது என்று பலர் கேட்டீர்கள். இப்போதைக்கு இல்லை. தூக்கமே இப்போதுதான் திரும்பி வருகிறது, தலையில் அடி வாங்க இது நேரம் இல்லை. மாஸ்டரிடம் முதல் நாளே முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அதனால்தான் பயிற்சி முடிந்து மற்றவர்கள் குடிக்கக் கிளம்பும்போது, அவர் என்னைக் குத்து வாங்கும் பேட் பிடிக்கச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பெரிய உதவி.

சரி, இடது கையை அவிழ்த்து, கேமரா முன்னாலேயே இன்னொரு தடவை கட்டுகிறேன். இந்த முறை நேரம் பாருங்கள்.