டேட்டாபேஸில் கேட்கிற சின்ன கேள்வி (குவெரி) ஓடுது, பெரிய ரிப்போர்ட் மட்டும் அறுந்து போகுதுங்களா?

(திரையில்: கட்டிங் மேசை, ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர்)

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. ஆபீஸ் அறையில் டேட்டாபேஸ் சர்வர், கட்டிங் செக்‌ஷனில் ஒரு கம்ப்யூட்டர். அங்கே ஆர்டர் எண்ணைத் தட்டினால் விவரம் உடனே வரும். மாத ஸ்டாக் ரிப்போர்ட் கேட்டால் மட்டும் பாதியில் நின்றுவிடும். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்கியூஎல் காட்டியது 2013-ஆம் எண் பிழை: குவெரி ஓடும்போதே தொடர்பு அறுந்துவிட்டது.

தேடலை வேகமாக்க இண்டெக்ஸ் போட்டேன். பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் 30 விநாடியாக இருந்தது, அதை 60 ஆக்கினேன். ஒரு நாள் ஓடியது, அப்புறம் பழைய கதைதான். முதலாளி புது சர்வருக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

கடைசியில் அதே குவெரியைச் சர்வரிலேயே உட்கார்ந்து ஓட்டினேன். சில விநாடிகளில் முடிந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இது. டேட்டாபேஸ் மேல் குற்றமில்லை, வழியில்தான் கோளாறு.

(திரையில்: வரிசையாகப் போகும் பேக்கெட்டுகள், நடுவே சில சிவப்பு)

நெட்வொர்க்கில் தகவல் பேக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகப் போகும். ஒரு பேக்கெட்டில் சுமார் 1,460 பைட்தான் போகும். ஆர்டர் விவரத்துக்கு ஒன்றிரண்டு போதும். 30 லட்சம் பைட் ரிப்போர்ட்டுக்கு 2,000-க்கு மேல் வேண்டும். நூற்றில் ஒன்று கெட்டாலே இருபது போச்சு. பேக்கெட் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் நெட்வொர்க் விதிமுறைதான் டிசிபி. தொலைந்ததை அது மறுபடி அனுப்பும், சரி. ஆனால் லூஸ் கனெக்டரில் பிழை கொத்தாக வரும். ஒரே பேக்கெட் திரும்பத் திரும்பத் தொலைந்தால், அடுத்த முயற்சிக்கான இடைவெளியை டிசிபி இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். நம்முடைய 60 விநாடி அங்கேதான் கரைந்தது.

சர்வரின் நெட்வொர்க் கார்டில் பிழைக் கணக்கு பூஜ்யம். அதை நம்பி ஏமாந்தேன். கெட்ட ஃபிரேமை (கேபிளில் பேக்கெட்டைச் சுமந்து வரும் உறையை) எண்ணுவது அதை வாங்குகிற பக்கம். ரிப்போர்ட்டை வாங்குவது கட்டிங் கம்ப்யூட்டர். அங்கே நெட்வொர்க் கணக்கைக் காட்டும் விண்டோஸ் கட்டளையான நெட்ஸ்டாட் மைனஸ் ஈ கொடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் பிழை எண் ஏறியது.

(திரையில்: கனெக்டரின் குளோசப்)

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நெட்வொர்க் ஸ்விட்ச்சில் கேபிள் செருகிய போர்ட்டை மாற்றினேன், எண் நிற்கவில்லை. கேபிளை மாற்றினேன், நின்றது. பழைய கனெக்டருக்குள் பஞ்சுத் தூசி அடைத்திருந்தது, எட்டுக் கம்பியில் ஒன்றை கிரிம்ப் (கம்பியைக் கனெக்டரோடு அழுத்திய பிடிப்பு) சரியாகக் கடிக்கவே இல்லை.

60-ஐத் திரும்ப 30 ஆக்கி ரிப்போர்ட்டை ஓட்டிக் காட்டினேன். முதலாளி கேட்டார்: “ஏனுங்க, அப்போ சர்வர் வாங்க வேண்டியதில்லீங்களா?”