இண்டைக்கு நான் சைவம்: கேள்வி ஆளுக்கா, சட்டிக்கா?

[காட்சி: வெள்ளிக்கிழமை மதியம். மட்டக்களப்பு நகரில் ஒரு சாப்பாட்டுக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கறிச் சட்டிகள்.]

குரல்:

“இண்டைக்கு நான் சைவம்.”

இந்த வசனத்தில் கவனிக்க வேண்டிய சொல் ‘சைவம்’ இல்லை, ‘இண்டைக்கு’. நேற்று வாவி மீன் குழம்பு சாப்பிட்டவர்தான் இன்று இதைச் சொல்கிறார். நாளைக்கும் மீன் சாப்பிடுவார். கேட்பவர் யாரும் அவரைப் போலி என்று நினைப்பதில்லை.

இங்கிலாந்தில் 1847இல் வெஜிடேரியன் சங்கம் தொடங்கினார்கள். முட்டை, பால்கூட வேண்டாம் என்றவர்கள் 1944இல் ‘வீகன்’ என்று இன்னொரு சொல்லை உருவாக்கிக்கொண்டார்கள். இரண்டும் ஆளுக்கு ஒட்டும் பெயர்கள். ஒருவர் வெஜிடேரியனாக இருப்பார், இல்லாவிட்டால் இல்லை. இன்று யூடியூபிலும் ரி.வி.யிலும் நடக்கிற சைவ, அசைவச் சண்டைகளில் பாதி இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. எங்கள் பக்கத்திலோ சைவம் என்பது நாளுக்கும் சட்டிக்கும் உள்ள பெயர். இந்த வித்தியாசம் பிடிபடாமல் பேசினால் பேச்சும் பிழைக்கும், சாப்பாடும் பிழைக்கும்.

[திரையில் இரண்டு சொற்கள்: மச்சம், அசைவம்]

‘அசைவம்’ பெரும்பாலும் சினிமாவும் சின்னத்திரையும் கொண்டுவந்து தந்த சொல். வீட்டில் நாங்கள் சொல்வது மச்சம். மச்சம் என்றால் மீன். ஆனால் கோழியும் மச்சம், ஆடும் மச்சம், முட்டையும் மச்சம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற சனம் விலக்க வேண்டிய எல்லாவற்றுக்கும் மீனின் பெயரை வைத்ததில் அதிசயமில்லை.

‘சைவம்’ என்ற சொல்லுக்குள் ஒரு சமயமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் சைவ சமயத்தையும் புலால் மறுத்தலையும் சேர்த்தே போதித்தார்கள். திருக்குறளின் 26ஆம் அதிகாரத்துக்குப் பெயரே புலால் மறுத்தல்தான். ஆனாலும் கரையோர ஊர்களில் “நாங்கள் சைவம்” என்று சமயத்தைச் சொல்பவர் வீட்டில் சூரைமீன் கொதித்துக்கொண்டிருக்கலாம். இதில் முரண்பாடு தேடிப் பேட்டி எடுப்பவர்கள், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

[காட்சி: சுவரில் தொங்கும் நாட்காட்டி. ஒவ்வொரு மாதமாகத் தாள் புரளுகிறது.]

அப்படியானால் எந்தெந்த நாட்கள்? பல வீடுகளில் வெள்ளி நிரந்தரம். தகப்பன் இல்லாதவர்களுக்கு ஆடி அமாவாசை. அன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்கேணியில் கால் வைக்க இடமிருக்காது. தாய் இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. ஐப்பசியில் கந்தசஷ்டி 6 நாள். அதற்கு முன்னால் கேதார கௌரி விரதம் 21 நாள்.

ஊரே சேர்ந்து சைவமாகும் நாட்களும் உண்டு. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கிவிட்டால், அம்மனைக் குளிர்விக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊருக்குள் மச்சம் காய்ச்ச மாட்டார்கள். பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கின் கடைசியில் தீமிதிப்பு. தீயில் இறங்குபவர்களுக்கு மச்சம் விலக்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

[காட்சி: வெயிலில் கவிழ்த்து வைத்த மண்சட்டிகள்]

இனிச் சட்டிக்கு வருவோம். மச்சச் சட்டியையும் மரக்கறிச் சட்டியையும் வேறுவேறாக வைப்பது வெறும் ஆசாரம் என்று சிலர் சிரிப்பார்கள். மண்சட்டியைப் பொறுத்தவரை அதற்குக் காரணம் இருக்கிறது. மெருகு பூசாத மண்ணில் நுண்துளைகள் நிறைய. மீன் எண்ணெய் அதற்குள் இறங்கி, காற்றுப் பட்டுக் கெட்டு, நாறத் தொடங்கும். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே இருப்பது போகாது. அடுத்த நாள் கத்தரிக்காய்ப் பால்கறி கொதிக்கும்போது சூட்டில் அந்த மணம் மேலே வரும். சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பது இன்னும் பிழை, அதையும் மண் குடித்துவிடும். அரிசி கழுவிய தண்ணீரை நிரப்பி 15 நிமிடம் கொதிக்க வைத்து ஊற்றி, தும்பால் தேய்த்து, வெயிலில் காயவிட்டால் மணம் குறையும். முற்றாகப் போகாது. ஆகவே விரதத்துக்குத் தனிச் சட்டி. எவர்சில்வரில் இந்தத் தொல்லை இல்லை. மரப்பலகையையும் மர அகப்பையையும் மண்சட்டிபோலவே நினையுங்கள்.

[காட்சி: மறுபடி சாப்பாட்டுக்கடை. பருப்புச் சட்டிக்குக் கமெரா நெருங்குகிறது.]

கடைச் சாப்பாட்டில் பொறி மாசிதான். சூரைமீனை அவித்து, புகை காட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்தது மாசிக்கருவாடு. இடித்துத் தூவினால் கண்ணுக்குத் தெரியாது. பருப்பில் இருக்கும், தேங்காய்ச் சம்பலில் இருக்கும், சீனிச் சம்பலில் அநேகமாக இருக்கும். கடைக்காரர் இதையெல்லாம் மரக்கறி என்றே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் மாசி ஒரு சரக்கு, மிளகாய்த்தூள் மாதிரி. “சைவமா?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “அண்ணன், பருப்புக்குள்ள மாசி போட்டிருக்கா?” என்று கேளுங்கள், நேரான பதில் வரும்.

மரக்கறிக் கொத்து ரொட்டி மூன்று இடத்தில் பிழைக்கும். சொல்லாவிட்டால் முட்டை விழும். குழைப்பதற்கு ஊற்றும் குழம்பு பெரும்பாலும் கோழிக் குழம்பு. கொத்துகிற தகடு ஒன்றுதான். முதல் இரண்டையும் சொல்லித் தடுக்கலாம். மூன்றாவதற்குத் தகட்டை வழித்துத் துடைக்கச் சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. மரக்கறி ரோல்ஸ் என்றால், ரஸ்க் தூளில் பிரட்டுமுன் முட்டையில் தோய்த்தார்களா, மாக் கரைசலில் தோய்த்தார்களா என்று கேளுங்கள். மீன் ரோல்ஸ் பொரித்த எண்ணெயா என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கடைக்காரரின் முகம் மாறினால் அதுவே பதில்.

[காட்சி: கையில் யோகட் கப். பின்பக்கத்துச் சிறிய எழுத்து பெரிதாகிறது.]

அடுத்தது யோகட். கப்பில் இறுகி நிற்பதற்குப் பலவற்றில் ஜெலற்றின் சேர்க்கிறார்கள். ஜெலற்றின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. வெள்ளிக்கிழமை மதியச் சோற்றுக்குப் பிறகு எத்தனைபேர் அதை நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்! எங்கள் எருமைத் தயிருக்கு அந்த உதவி தேவையில்லை. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீத அளவில் இருக்கும், பசுப்பாலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1 லீற்றர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, 2 மேசைக்கரண்டி உறைதயிர் கலந்து, மண்சட்டியில் ஊற்றி இரவு முழுக்க அசைக்காமல் விட்டால் போதும். மண் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்ச, தயிர் இன்னும் இறுகும். மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் பால் சூடாக இருக்கும்போதே உறை விட்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் சட்டி ஆடியிருக்கிறது.

பக்கெற்றில் சேர்க்கைப் பொருட்களின் இலக்கங்களையும் பாருங்கள். 120 என்பது பூச்சியில் இருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 471ஐ தாவரக் கொழுப்பிலும் விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம். நூடில்ஸ் தூளில் வரும் 631 மாசிக்கு ருசி கொடுக்கிற அதே வகைப் பொருள். மீனில் இருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எது என்று இலக்கம் சொல்லாது. இந்தியாவில் இருந்து வரும் சைவப் பக்கெற் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும். ஆனால் அது பாலை அனுமதிக்கும், வீகனுக்கு உதவாது.

[காட்சி: சோயா மீற் ஊறவைத்த கிண்ணம்]

விரத வீட்டில் இறைச்சியின் இடத்தைப் பிடித்தது சோயா மீற். 90 கிராம் பக்கெற்றில் ஏறக்குறைய பாதி புரதம். கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி மறுபடி பிழியுங்கள். ஒருமுறை மட்டும் பிழிந்தால் அவரை நாற்றம் நிற்கும், உள்ளே தண்ணீர் இருப்பதால் குழம்பும் ஏறாது.

நாள் பார்த்துச் சைவம் இருப்பவருக்குச் சத்துக் கவலை தேவையில்லை. முழுநேரமாக மாறுபவர், அதிலும் பாலையும் விடுபவர், பி12ஐக் கவனிக்க வேண்டும். வளர்ந்தவருக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், மரக்கறியில் அது கிடையாது. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய வருடக்கணக்காகும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். இரும்புச்சத்துக்கு முருங்கையிலை, பருப்பு. எலுமிச்சம்புளி விட்டால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ (பால் விடாத தேநீர்) குடித்தால் குறைவாகத்தான் சேரும்.

[காட்சி: செய்தித்தாள் தலைப்புகள், மங்கலாக]

ஊடகங்களில் இந்தப் பேச்சு சட்டியை விட்டு ஆளுக்குத் தாவும்போது கதை கசக்கிறது. 2013இல் இலங்கையில் ஹலால் சான்றிதழுக்கு எதிராக எழுந்த கூச்சல் ஒரு முத்திரையைப் பற்றியதாகத் தொடங்கி ஒரு சமூகத்தைப் பற்றியதாக முடிந்தது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே யோசனையில் மாட்டிறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பதும் இருந்தது. மாட்டுக்கு இரக்கம், தட்டுக்குத் தடையில்லை! முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் தமிழ் ஊரான ஆரையம்பதியும் ஒட்டிக்கிடக்கிற இந்தக் கரையில் அப்படியான விவாதத்தின் சூடு கொழும்பு ஸ்ரூடியோவை விட இங்கேதான் முதலில் தெரியும்.

[காட்சி: விருந்துக்கு வாழையிலை போடுகிறார்கள்.]

விருந்துக்கு அழைக்கும்போது “நீங்கள் சைவமா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். முட்டை, மாசி, பால், ஒரே சட்டி, இந்த நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்காரர் முதல் இரண்டுக்கும் வேண்டாம் என்பார், தயிருக்கு இலையை நீட்டுவார். கேதார கௌரி பிடிப்பவருக்குச் சட்டியும் வேறாக வேண்டும். வீகனுக்குத் தயிரோடு நெய்யும் தேனும் விலக்கு. தவக்கால வெள்ளியில் கத்தோலிக்க நண்பர் இறைச்சியைத்தான் விலக்குவார், மீன் அவருக்குத் தடையில்லை. முஸ்லிம் நண்பருக்கு முட்டையும் சரி, மாசியும் சரி. யோகட் கப்பைத்தான் அவரும் திருப்பிப் பார்ப்பார்.