நெருப்புக்குக் காத்திருக்கும் கூம்பு

வணக்கம் நேயர்களே. என் கையில் ஒரு ஜாக் பைன் கூம்பு இருக்கிறது; ஜாக் பைன் என்ற ஊசியிலை மரம் விதைகளைப் பொத்தி வைத்திருக்கும் காய் மாதிரி. வானொலியில் காட்ட முடியாது, சொல்கிறேன். பெருவிரல் நீளம், கொஞ்சம் வளைந்த உருவம், கல் மாதிரி இறுக்கம். செதில்களைப் பிசின் ஒட்டி வைத்திருக்கிறது. நகத்தால் கிளறினாலும் திறக்காது. இதன் சோடியை நேற்று வீட்டு ஓவன் அடுப்பில் வைத்தேன். சற்று நேரத்தில் சட், சட்டென்று செதில்கள் விரிந்தன. உள்ளே சிறகு முளைத்த விதைகள். வீடெல்லாம் பிசின் மணத்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

காட்டில் அந்தச் சூட்டைத் தருவது நெருப்பு. கனடாவின் வடக்குக் காடு அப்படித்தான், நெருப்போடு பழகியது. சரி, அப்படியென்றால் 2023இல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் எரிந்ததற்கு ஏன் கவலை? இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பரப்பு அது. அந்த ஜூனில் ரொறன்ரோவில் புகைக்குப் பயந்து யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோமே, ஞாபகம் இருக்கும். ஆகஸ்டில் வடக்கே யெலோநைஃப் நகரமே காலியானது, சுமார் 20,000 பேர்.

கவலை என்னவென்றால், நெருப்பு அவசரமாகத் திரும்பி வருகிறது. கருப்பு ஸ்புரூஸ் மரம் நிறையக் கூம்பு வைக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும். அதற்குள் மறுபடி எரிந்தால் சிந்த விதை இருக்காது. அந்த இடத்தை ஆஸ்பென் என்ற இலையுதிர் மரமோ புல்லோ பிடித்துக்கொள்ளும். வறட்சியில் தரைக்கடியில் உள்ள கரிமண்ணும், அதாவது மட்கிய செடிகொடிகளின் படிவும், காய்ந்து பற்றிக்கொள்கிறது. 2024 தொடக்கத்தில் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில், முந்தைய கோடையின் தீ மண்ணுக்குள் கனன்று, பனிக்கு மேலே புகை விட்டது.

எல்லாத் தீயையும் அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆள் இல்லாத தூரக் காடுகளில் எரியவிட்டுக் கண்காணிப்பதே இங்கே வழக்கம். ஊரோரக் காடு வேறு விஷயம். அங்கே மரங்களின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும், தாழ்ந்த கிளைகளை வெட்ட வேண்டும். ஸ்புரூஸின் கிளைகள் தரைவரை தொங்கும். நெருப்புக்கு அதுதான் ஏணி.

அப்புறம், பூர்வகுடிகள் செய்து வந்த வேலை: தாங்களே அளவாகத் தீ வைப்பது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1874ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்குத் தடை போட்டது; இப்போது சில சமூகங்கள் மீண்டும் தொடங்கியிருக்கின்றன. வசந்தத் தொடக்கத்தில், வெட்டவெளியில் காய்ந்து கிடக்கும் பழைய புல்லுக்குத் தீ வைப்பார்கள். மர நிழலில் அப்போதும் பனி உருகாமல் கிடக்கும். தீ மெதுவாகப் புல்லைத் தின்றுகொண்டு அந்தப் பனி ஓரம் வரை போகும், அங்கே தானாக அணைந்துவிடும்.