இல்லாத கால் இன்னும் பிரேக் மிதிக்கிறது

(மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். உட்கார்ந்தே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

இருபத்திரண்டு வருசம் செம்பனை லோரி ஓட்டினேன். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று தோட்டத்துக் குமாஸ்தா, எங்கள் கிராணி, கத்துவார், அதனால் பொழுதெல்லாம் ஓட்டம்தான், பசியாறுவதுகூட ஸ்டேரிங் மேல்தான். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருந்தது தெரியும். கண்டுகொள்ளவில்லை. 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, கிட்டத்தட்ட ஆறு பேரில் ஒருவர், இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். சப்பாத்து கடித்து ஒரு சின்னப் புண். நரம்பு மரத்துப்போனதால் வலிக்கவில்லை, வலிக்காததால் நான் குனிந்து பார்க்கவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊரில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'லோரிக்காரர்'தான். லோரி போன பிறகு நான் யார்? சமூகநல இலாகாவில் ஒரு கார்டு கொடுத்தார்கள், மாற்றுத்திறனாளிக்கு மலாயில் சொல்லும் 'ஓராங் கூராங் உபாயா' என்று போட்டு. கூராங் என்றால் குறைவு. கவுண்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் நீட்டினாள், நான்தான் அதைப் பர்சுக்குள் குப்புற வைத்தேன்.

அப்புறம் இன்னொரு கூத்து. மகன் கார் ஓட்டும்போது முன்னால் மோட்டார் குறுக்கே வந்தால் என் வலது கால் பிரேக்கை மிதிக்கும். எந்தக் கால்? இல்லாத கால்! ராத்திரியில் அதே காலின் விரல்கள் சுருட்டிப் பிடித்து உயிரை எடுக்கும். டாக்டர் சிரிக்கவில்லை. உடம்பின் வரைபடம் ஒன்று மூளையில் இருக்கிறதாம், கால் போனாலும் அது உடனே அழியாதாம். சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் இதற்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். நானும் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தொடைக்கும் நடுவில் நிறுத்தி, இடது கால் விரல்களை விரித்து மடக்கினேன், கண்ணாடியில் வலது காலே திரும்பி வந்த மாதிரி இருந்தது, வீட்டுக்காரி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். எல்லாருக்கும் இது கேட்காது. எனக்குக் கொஞ்சம் கேட்டது.

சரி, நம் ஊரையே பாருங்கள். 2007இல் பேரை மாற்றினார்கள், பலகையும் மாறியது, ஆனால் இங்கே முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் இன்னும் 'பத்தாங் பெர்ஜுந்தை' என்றுதான் சொல்கிறார்கள். ஊருக்கு இத்தனை வருசம் கொடுக்கிறோம், என்னை மட்டும் ஆறே மாதத்தில் 'மனசைத் தேத்திக்கோ' என்றால் எப்படி?

இப்போது வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கோயில் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிறேன். பிள்ளைகள் 'வெங்காயத் தாத்தா' என்கிறார்கள். முதல் தடவை சுருக்கென்றது. இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

இன்றைக்கு வரும்போது கோயில் வளைவில் ஒரு மாடு. நான் மிதித்தேன். மகனும் மிதித்தான். நான் கொஞ்சம் முன்னாடி.