மாத்திரை விழுங்க வைத்த ஹவில்தார்

(இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பணிபுரிந்தவர்களை நினைவுகூர ரங்கூனில் தமிழர்கள் கூடியபோது பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே,

பர்மா யுத்தம் என்றால் தளபதிகளின் பெயர்தான் முதலில் வருகிறது. ஸ்லிம் என்கிறோம், மவுண்ட்பேட்டன் என்கிறோம். செத்துப்போன சிப்பாய்க்கும் வருடத்தில் ஒரு நாள் பூ வைக்கிறோம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் நடுவில் நின்றவர்களைத்தான் விட்டுவிட்டோம். நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று, சிப்பாயாகச் சேர்ந்து வருடக்கணக்கில் படிப்படியாக ஏறி வந்தவர்கள். அவர்களுக்கு எப்படி மரியாதை செய்வது என்பதைப் பற்றித்தான் இன்றைக்கு என் பேச்சு முழுக்க.

1943-ல் பர்மா முனையில் காயம்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஒருவர் என்றால், நோயில் விழுந்து போனவர்கள் 120 பேர். இது ஸ்லிமே சொன்ன கணக்கு. மலேரியா, வயிற்றுப்போக்கு, உண்ணிக்காய்ச்சல். மலேரியாவைத் தடுக்க மெப்பாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். ஒரே கசப்பு, தோலே மஞ்சளாகிவிடும், ஆண்மை போய்விடும் என்று வதந்தி வேறு. அதனால் பையன்கள் விழுங்காமல் ஏமாற்றினார்கள். ஸ்லிம் திடீர்ச் சோதனை வைத்தார்: நூற்றுக்கு 95 பேருக்காவது உடம்பில் மருந்து இருக்க வேண்டும், குறைந்தால் அந்தப் பட்டாளத்தின் கமாண்டரையே வேலையிலிருந்து தூக்கிவிடுவார். மூன்று பேரைத் தூக்கினார், அதற்குள் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

சரி, கமாண்டரா போய் ஒவ்வொருவன் வாயையும் பார்த்திருப்பார்? பையன்களை வரிசையில் நிறுத்தி, மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, விழுங்கிவிட்டானா என்று நின்று பார்ப்பது ஹவில்தார் வேலை. அதுவும் ஒருநாள் கூத்து இல்லை, மழையிலும் சேற்றிலும் தினமும் செய்ய வேண்டியது. எவன் பொய் சொல்கிறான், எவனுக்கு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை, எவன் பூட்ஸ் கிழிந்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவரும் அவர்தான். காய்ச்சல் வராமல் தப்பிய சிப்பாயின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஏறாததால், அவனைக் காப்பாற்றியவர் பெயரும் ஏறாமல் போகிறது. இந்த வேலையில் உள்ள சங்கடமே இதுதான்: நன்றாகச் செய்தால் எதுவும் நடக்காது, எதுவும் நடக்காததற்கு யாரும் பதக்கம் குத்த மாட்டார்கள்.

பதக்கமே இல்லை என்று சொல்லவில்லை. நீண்டகால நற்சேவைக்கென்றே பிரிட்டிஷ் ராணுவ சார்ஜென்ட்களுக்கு 1845-ல் ஒரு பதக்கம் வந்தது, இந்திய ராணுவ ஹவில்தார்களுக்கு 1888-ல் வந்தது. இரண்டுக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு, ஆனால் எண்ணிக்கை அளந்து வைத்தது. ஏற்கெனவே வாங்கியவர் ஒருவர் கண்ணை மூடினால்தான் அடுத்தவருக்கு வழி பிறக்கும் என்கிற மாதிரி. பிரிட்டிஷ் அரசின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் பெறும் தகுதியோ 1911 வரை இந்தியச் சிப்பாய்க்குக் கிடையாது. பரிந்துரையை எழுதியவர்கள் எல்லாம் மேலே இருந்தவர்கள். அந்த ஹவில்தாரிடம் வேலை கற்ற பையனை யாரும் கூப்பிட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. நல்ல ஹவில்தார் யார் என்று பிளாட்டூனில் கடைசியாகச் சேர்ந்த பையனுக்குத் தெரிகிற அளவு கர்னலுக்குத் தெரியாது.

உம்ராவ் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரியானாக்காரர், பீரங்கிப்படை ஹவில்தார். 1944 டிசம்பரில், மேற்கு பர்மாவின் அரக்கானில் கலாதான் பள்ளத்தாக்கில், தன் பீரங்கியைப் பிடிக்க வந்தவர்களைத் திரும்பத் திரும்ப விரட்டினார். கடைசியில் பீரங்கியைத் தூக்க உதவும் இரும்புக் கட்டையாலேயே அடித்துச் சண்டை போட்டார். ஆறு மணி நேரம் கழித்துப் பீரங்கி பக்கத்தில் அவர் அடையாளம் தெரியாத அளவு காயத்தோடு கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அப்புறம்? 1995-ல் போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு லண்டன் போனவர், அந்த விருதுக்காகத் தரப்படும் தொகை வருடத்துக்கு வெறும் 168 பவுண்டு என்று பிரதமர் ஜான் மேஜரிடம் நேரிலேயே எடுத்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் அது 1,300 ஆனது. விக்டோரியா கிராஸ் வாங்கியவரே எழுபது வயதைத் தாண்டி, தன் வாயால் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பதக்கம் இல்லாத ஹவில்தாரின் விதவை யாரிடம் போய்க் கேட்டிருப்பாள்?

நம்மவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில், வெடிக்கப்போகும் கண்ணியிலிருந்து கூட இருந்தவர்களைக் காக்கத் தன் உடம்பையே கொடுத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற முதல் இந்தியர். அந்தச் சில வினாடிகளுக்கு விருது வந்தது, வரவேண்டியதுதான், யார் மறுப்பார்கள்? ஆனால் கண்ணி எடுக்கிற பட்டாளத்தில் ஒருவர் சுபேதாராக உயர்கிறார் என்றால், அதற்கு முன்னால் எத்தனை பையன்களுக்கு மண்ணைத் தடவிப் பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வருடங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

நம் வீடுகளில் பலர் எதிர்ப்பக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் இருந்தவர்கள். அங்கேயும் கடைப்பையனையும் தோட்டத் தொழிலாளியையும் சிப்பாயாகப் பழக்கியவர்களில் பலர், சிங்கப்பூரில் பிடிபட்ட ஹவில்தார்களும் சுபேதார்களும்தான். நான் பக்கம் பார்த்துப் பேசவில்லை.

நாமும் மரியாதை செய்கிறோம்தான். பொன்னாடை போர்த்துகிறோம், "அரும்பணி ஆற்றினார்" என்கிறோம். என்ன பணி என்று கேட்டால் மேடையில் பதில் இருக்காது. தயவுசெய்து அந்த வார்த்தையை விட்டுவிட்டு, அவர் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். அவருக்குக் கீழே இருந்தவர்களையோ அவர்கள் பிள்ளைகளையோ கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள். வீட்டுக்காரம்மாவையும் மேடையில் உட்கார வையுங்கள், அவருக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா என்று யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துப் பாருங்கள்.

தௌக்யான் போர்க் கல்லறைக்கு நாம் பிக்னிக் போவதுபோல் போய்வருகிறோம். அங்கே நடுவில் நிற்கிற தூண்களில், கல்லறைகூட இல்லாதவர்களின் பெயர்கள் ஏறக்குறைய 27,000 இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது பதவியையும் சேர்த்துப் படியுங்கள். வீட்டில் தாத்தாவின் பதக்கம் ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்தியாவில் கொடுத்த பதக்கங்களில் விளிம்பிலோ பின்பக்கத்திலோ படை எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர் எந்தப் பட்டாளம் என்று தேட ஆரம்பிக்கலாம். பளபளப்பாக்குகிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து அழிந்துவிடும், அப்படியே கொண்டு வாருங்கள்.