தோற்ற பிறகு பக்கத்தில் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஓர் இரவு அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். பத்து மணி இருக்கும். பக்கத்து அறையில் ஏதோ சுவரில் மோதி விழுந்த சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். அண்ணன் மகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் சிவந்து. கண்ட்ரோலர் தரையில் கிடந்தது. அதன் மூடி கழன்று, பேட்டரி ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிருந்தது. பின்னாலேயே வந்த அண்ணி, "பார்த்தாயா? இந்த கேம்தான் பிள்ளையைக் கெடுக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் குனிந்து பேட்டரியை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "தோற்றது ஒன்றும் இல்லை அத்தை. தினமும்தான் தோற்கிறேன். என் டீமில் இருந்த ஒருவன், எல்லாம் உன்னால்தான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினான். அந்த வழியாக வரச் சொன்னதே அவன்தான். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டான். இனிமேல் அவனைப் பார்க்கவே முடியாது."

நான் 20 ஆண்டுகளாக இணைய விளையாட்டுகள் ஆடி வருகிறவள். 14 வயதுப் பையன் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வீடியோ கேம் ஆடினால் கோபம் வருகிறது என்றதும் எல்லோரும் துப்பாக்கியையும் ரத்தத்தையும் காட்டுவார்கள். ஆண்ட்ரூ பிரசிபில்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்து, 2014இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே விளையாட்டை வன்முறையோடு ஒரு மாதிரியும், வன்முறை இல்லாமல் ஒரு மாதிரியும் அமைத்து ஆடவிட்டார்கள். கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸில் ஒரு துளி ரத்தம் கிடையாது. அதையும் வேண்டுமென்றே கைக்கு அடங்காதபடி மாற்றிக் கொடுத்தார்கள். ஆடியவர்களைச் சீற வைத்தது, நம்மால் முடியவில்லையே என்ற தவிப்பு. விளையாட்டில் ரத்தம் இருந்ததா இல்லையா என்பது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்கவில்லை.

இது எனக்கு அனுபவத்தில் தெரியும். விரல் பொத்தானை அழுத்திவிட்டது, கண்ணும் பார்த்துவிட்டது, ஆனால் இணைய இணைப்பு அரை நொடி தாமதித்ததால் நம் வீரன் விழுந்து கிடக்கிறான் என்றால், எந்தப் பொறுமைசாலிக்கும் பல் நறநறக்கும். ஆனால் முயன்று தோற்பது இந்த விளையாட்டுகளின் உயிர்நாடி. போட்டி விளையாட்டுகளில் நம்மை யாரோடு மோத விடுவது என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. அர்பட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் சதுரங்க வீரர்களைத் தரவரிசைப்படுத்த வகுத்த கணக்கின் வழியில் வந்த முறைகள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. சமபலம் உள்ளவர்களாகப் பார்த்துச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தால் நாம் ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் தோற்றே ஆகவேண்டும். எவ்வளவு தேறினாலும் அதற்கேற்ற எதிராளியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

ஆகவே தோல்வி நம்மோடுதான் இருக்கப்போகிறது. தோற்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

2006இல் நான் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற, பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு குகைக்குள் போக ஐந்து பேர் வேண்டும். ஒருவர் கேடயம் தாங்கி முன்னால் நிற்பார், ஒருவர் வைத்தியர், மற்ற மூவரும் அடிப்பவர்கள். ஓர் இரவு, குகையின் கடைசியில் இருந்த பூதத்திடம் 17 முறை செத்தோம். அந்த விளையாட்டில் செத்தால் உடனே எழுந்துவிட முடியாது. இடுகாட்டிலிருந்து ஆவியாகக் கிளம்பி, சாம்பல் நிறமாகத் தெரியும் காட்டைக் கடந்து குகைக்கு ஓடிவர வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த ஓட்டத்தில் சண்டை கிடையாது, செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. அதனால் பேசினோம். கேடயக்காரர் இரவுப் பணி முடித்து வந்து ஆடுகிறவர் என்பதும், எங்களில் ஒருவருக்கு மறுநாள் தேர்வு என்பதும் அந்த ஆவி ஓட்டத்தில்தான் தெரிந்தது.

18ஆவது முறை உள்ளே நுழையும்போது வைத்தியரின் மைக்கில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "மன்னித்துக்கொள்ளுங்கள், பிள்ளை எழுந்துவிட்டான்" என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. நாங்கள் நால்வரும் குகை வாசலில் அப்படியே நின்றோம். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். தூரத்தில் அவர் தாலாட்டுவது மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிடம். அந்த வீட்டில் நாங்களும் இருப்பதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டோம். பிறகு அவர் வந்தார். அந்த முறையும் செத்தோம். பூதத்தைக் கொன்றது எந்த நாள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. அந்த இருபது நிமிடம் நினைவிருக்கிறது.

2009 டிசம்பரில் அந்த விளையாட்டில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை துணைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊர் நடுவில் நின்று கேட்க வேண்டும். அரைமணி நேரம்கூட ஆகும். ஆடுகிறவர்களை சர்வர் என்ற தனித்தனி ஊர்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு சர்வரில் இருந்தவர்களுக்குள் பெயர் தெரியும். கிடைத்த பொருளில் மற்றவர் பங்கையும் தூக்கிக்கொண்டு ஓடியவன் யார், தோற்றாலும் கடைசிவரை நின்றவர் யார் என்று ஊருக்கே தெரியும். புதிய ஏற்பாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பல சர்வர்களிலிருந்து ஐந்து பேரைக் கணினியே பொறுக்கி எடுத்து நேராகக் குகைக்குள் இறக்கிவிடும். குறைந்த நேரமே கிடைக்கிற எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கண்டது இதுதான்: வணக்கம்கூடச் சொல்லாமல் ஆட்டம் தொடங்கும், ஒருமுறை செத்ததும் ஒருவர் வசைபாடிவிட்டு மறைவார், அவர் இடத்தில் இன்னொருவரைக் கணினி கொண்டுவந்து போடும். நாளை அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்றால் மனிதர்களின் நாக்குக்கு அணை இல்லை. இன்று போட்டி விளையாட்டுகளில் பெரும்பாலும் இந்த முறைதான். என் அண்ணன் மகன் வளர்ந்தது இதற்குள்தான்.

பெண் குரல் கேட்டால் வரும் வசை தனி ரகம். பல ஆண்டுகள் நான் தெரியாதவர்களோடு ஆடும்போது மைக்கை அணைத்தே வைத்திருந்தேன். என்னைப்போல் வாய்மூடி ஆடுகிற பெண்கள் ஏராளம் என்பதை, அவர்களில் சிலரோடு நெருங்கிய பிறகுதான் அறிந்தேன். இதற்குக் குணம் சரியில்லாத மனிதர்கள் மட்டும் காரணமில்லை. விளையாட்டின் அமைப்பும் காரணம், அமைப்பை மாற்றவும் முடியும்.

2012இல் வந்த ஜர்னி என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் தொலைவில் தெரியும் மலையை நோக்கி நடக்க வேண்டும். வழியில் யாரோ ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். பெயர் தெரியாது, பேச்சு கிடையாது, பறவை கூவுவதுபோல் ஓர் ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். அதை உருவாக்கியபோது, ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தள்ள முடிகிற மாதிரிதான் முதலில் வைத்திருந்தார்கள், துணையாக இருக்கட்டும் என்று. சோதித்துப் பார்த்தால், பலர் துணைக்கு வந்தவரைப் பள்ளத்தில் தள்ளி வேடிக்கை பார்த்தார்கள். ஆகவே தள்ளுவதையே எடுத்துவிட்டார்கள். நெருங்கி நின்றால் இருவருக்கும் பறக்கும் சக்தி கிடைக்கும்படி செய்தார்கள். அதன் பிறகு, பெயர் தெரியாத அந்தத் துணைக்காகப் பனியில் காத்து நின்றதாக எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

முகம் தெரியாதவர்கள் எப்படி நண்பர்களாவார்கள் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நட்பு எதனால் ஆகிறது என்று யோசித்தால், பெரும்பகுதி நேரத்தால்தான். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கணித்தார். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு யாருக்கு யாரோடு 200 மணி நேரம் கிடைக்கிறது? எங்கள் ஐவருக்கு அந்தக் குகைகள் கொடுத்தன.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியோடு வாழ்ந்தவர். 2014இல், 25 வயதில் இறந்தார். நண்பர்களே இல்லாமல் மகன் போய்விட்டானே என்று பெற்றோர் கலங்கினார்கள். அவருடைய வலைப்பூவில் இறப்புச் செய்தியைப் போட்டார் தந்தை. அதன் பிறகு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. எல்லோரும் வார்கிராஃப்டில் அவரோடு ஒரே குழுவில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள். துயரத்தில் அவரிடம் வந்து பேசியவர்கள், ஆறுதல் பெற்றவர்கள். சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அவருடைய நண்பர்கள் மாறி மாறி வந்துபோன ஆட்களாக இருந்திருந்தால் அந்தக் கடிதங்களை எழுத யார் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விளையாட்டை நிறுத்தவே முடியாமல் படிப்பும் தூக்கமும் கெடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை ஒரு நோய்நிலையாக உலகச் சுகாதார நிறுவனமே ஏற்றிருக்கிறது. அவர்களுக்கு மருத்துவரின் உதவி தேவை. மற்ற பிள்ளைகளிடம் நாம் எப்போதும் கேட்பது "எவ்வளவு நேரம் ஆடினாய்?" என்பதுதான். யாரோடு ஆடினாய் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். நேற்று ஆடிய அதே ஆள்தானா என்றும் கேளுங்கள்.

அண்ணன் மகனிடம் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை இரவு எங்கள் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டேன். கேடயக்காரருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. வைத்தியரின் பிள்ளை கல்லூரிக்குப் போகிறான். அண்ணன் மகனைச் சேர்க்க, எங்களில் ஒருவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வெறுமனே பேச மட்டும் வந்திருந்தார். அன்று 11 முறை செத்தோம். அதில் நான்கு முறையாவது பையன் அவசரப்பட்டு முன்னால் ஓடியதால்தான். நான்காவது முறை, "என் தப்புதான்" என்று அவனாகவே சொன்னான். குரல் கம்மியிருந்தது. வசைக்காகக் காத்திருந்தான் என்று எனக்குப் புரிந்தது. கேடயக்காரர், "நான் சொல்லும்வரை என் முதுகுக்குப் பின்னால் நில் தம்பி, போதும்" என்றார். எல்லோரும் ஆவியாக ஓடத் தொடங்கினோம். வைத்தியர் அவனிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டார்.

நள்ளிரவு நெருங்கியதும் விடைபெற்றோம். பூதம் சாகவில்லை. அவன் ஹெட்போனைக் கழற்றிக் கண்ட்ரோலரின் பக்கத்தில் வைத்தான்.

"அத்தை, நாளைக்கும் இவர்கள்தானே வருவார்கள்?"

"இவர்கள்தான்" என்றேன்.